பங்கு போட்ட கடவுச்சொல்

சந்தூக் மூடப்படுகிறது என்ற செய்தி வந்த அன்று, பிஷ்கெக் நகரத்து மலை ஏரிகள் கண்காணிப்புக் கழகத்தில் யாரும் பதறவில்லை. பதறுவதென்றால் இயக்குநரின் அனுமதி வேண்டும். இயக்குநரோ அன்று இசிக்-குல் ஏரிக் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

சந்தூக் என்பது கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலி. ஏரி மட்டம் காட்டும் கருவிகள், மழைமானிகள், கழகத்தின் மின்னஞ்சல், எல்லாவற்றுக்கும் மேலாக மலையடிவாரத்து ஊர்களில் கம்பத்தின் உச்சியில் நிற்கும் அபாயச் சங்குகள், இத்தனைக்குமான கடவுச்சொற்கள் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தன. அதை நடத்தியவர்கள் நல்லவர்கள் போலிருக்கிறது. கோடை முடிந்ததும் கடையை அடைக்கிறோம், அதற்குள் உங்கள் சரக்கை வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றாவிட்டால் எல்லாம் அழிந்துபோகும் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். மாற்றுவதற்கு இரண்டு பொத்தான்களை அமுக்க வேண்டும். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற காரியம்.

செய்தியைப் படித்தவன் மிர்லான். கருவிகள் அனுப்புகிற எண்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. அந்த எண்களில் ஒன்று கோக்-மூய்ஸ் ஏரியினுடையது. பனியும் கல்லும் சேர்ந்து தானாக உண்டான கரை அந்த ஏரிக்கு. பனி உருகினால் கரை எத்தனை நாள் தாங்கும் என்று எந்த விஞ்ஞானியும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்கு நேர் கீழே தாஷ்-கெச்சு என்ற ஊர். அங்கேதான் மிர்லானின் அக்கா உம்சுனாய் கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒரு வேலி நிறையத் தேனீப் பெட்டிகளோடும் இருந்தாள். மற்றக் கடவுச்சொற்கள் போனால் போகட்டும் என்று மிர்லான் விட்டிருப்பான். தாஷ்-கெச்சு சங்கின் கடவுச்சொல்லை அவனால் விட முடியாது.

இயக்குநர் சகின்பாய் இஸ்மாயிலோவிச் மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தார். மிர்லான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

"நீ நல்ல பையன் மிர்லான். ஆனா அவசரக்காரன். ஒரு செயலிய விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போறது பொண்டாட்டி மாத்தற மாதிரி. இந்த நாற்காலியில நான் இத்தன வருஷமா உக்காந்திருக்கேனே, எதனால? எதையும் மாத்தாததால."

"அவங்களே மூடறாங்களே, சகின்பாய் இஸ்மாயிலோவிச்."

"அது அவங்க பக்கத்து முடிவு. நம்ம பக்கத்து முடிவு இன்னும் எடுக்கலையே."

முடிவெடுக்க ஒரு குழு அமைந்தது. தலைவர், இயக்குநர். கௌரவ ஆலோசகர், தூரோன் அத்தா. கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. துணை இயக்குநர், புருல்சா அம்மாள். முன்னாள் துணை இயக்குநர், தொலோகோன். போன குளிர்காலத்தில் ஏதோ ஒரு விருந்தில் இயக்குநர் சொல்வதற்கு முன்பே வாழ்த்துரை சொல்லிவிட்டதால் பதவி இறக்கப்பட்டவர். குழுவுக்குத் தேநீர் ஊற்றுவதும், கேட்டால் மட்டும் பதில் சொல்வதும் மிர்லானின் பொறுப்பு.

கழகத்தில் எந்தக் கூட்டமும் மூத்தவர் பேசித்தான் தொடங்கும். தூரோன் அத்தா கடவுச்சொல்லே இல்லாத காலத்தைப் பற்றிப் பேசினார். அப்போது ஏரிகள் ஒழுங்காக இருந்தன என்றார். அதோடு கூட்டத்துக்கான நேரம் தீர்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்திலும் அவரே பேசினார், அதையே பேசினார். முன்பே சொல்லிவிட்டீர்கள் அத்தா என்று சொல்கிற அளவுக்கு வளர்ப்புக் கெட்டவர்கள் அங்கே யாருமில்லை. பனி உருகிக்கொண்டிருந்தது.

வேறொரு கூட்டத்துக்கு, கல்கான் என்ற புதிய செயலியை விற்கும் எர்காலி என்பவன் அல்மாத்தியிலிருந்து வந்தான். கண்ணாடி போல மின்னும் காலணி போட்டிருந்தான். சுவரில் படம் காட்டி விளக்கினான். கழகத்து ஊழியர்கள் எல்லோருடைய பெயரும் ஒரே பட்டியலில் கிர்கிஸ் அகரவரிசையில் வந்தது.

புருல்சா அம்மாள் தொண்டையைச் செருமினார். "ஓட்டுநர் ராஹத் பேரு மேல இருக்கு. நம்ம இயக்குநர் பேரு கீழ இருக்கு."

"அது அகரவரிசை, எஜே" என்றான் எர்காலி, அக்கா என்று மரியாதையாக அழைத்து.

"அகரவரிசைக்கு மரியாதை தெரியாதா?"

"இதுல எல்லாரும் சமம், எஜே. இதோட சிறப்பே அதான். ஆபத்துன்னு வந்தா ஓட்டுநர்கூட சங்க ஊதிறலாம்."

இயக்குநர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"தம்பி, ஒரு விஷயம் புரிஞ்சுக்க. ஆபத்து யாருக்கு வேணா வரலாம். அது ஜனநாயகம். ஆனா ஆபத்துன்னு சொல்றதுக்குப் பதவி வேணும். ஓட்டுநர் ஊதற சங்கக் கேட்டு ஜனங்க ஓடி உயிர் பொழச்சாங்கன்னு வையி, நாளைக்கு எங்கள எவன் மதிப்பான்?"

எர்காலி வியாபாரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று உடனே புரிந்துகொண்டான். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடும் வசதி இருக்கிறது, ஐந்து வரை போடலாம் என்றான். அதற்குப் பிறகு பல கூட்டங்கள் நட்சத்திரங்களைப் பற்றியே நடந்தன. தூரோன் அத்தாவுக்கு ஐந்து கொடுத்தால் இயக்குநருக்கு எத்தனை கொடுப்பது? ஆறாவது நட்சத்திரம் செய்ய முடியுமா என்று அல்மாத்திக்கு எழுதிக் கேட்டார்கள். முடியும், விலை கூடும் என்று பதில் வந்தது. அன்றுதான் கழகம் கொள்கை அளவில் கல்கானுக்கு மாற முடிவெடுத்தது. மிர்லான் தன் அறைக்குப் போய் உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு சிரித்தான். நிம்மதியில் வந்த சிரிப்பு அது. பாவம்.

சந்தூக்கிலிருந்து சரக்கை எடுக்க அதன் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அது யாரிடம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சந்தூக் வந்த புதிதில், நம்பிக்கையானவர்கள் மட்டும் அறிந்த நீளமான வாசகம் ஒன்றைத் தலைமைக் கடவுச்சொல்லாக வையுங்கள் என்று வழிமுறைக் குறிப்பில் போட்டிருந்தது. அன்று கழகத்தில் விருந்து. ஆடு அறுத்திருந்தார்கள். யாருக்கு எந்த எலும்பு என்பதில் நம் ஆட்கள் தவறவே மாட்டார்கள் அல்லவா. தலை இயக்குநருக்கு, இடுப்பு தூரோன் அத்தாவுக்கு, தொடை அப்போது துணை இயக்குநராக இருந்த தொலோகோனுக்கு, தோள்பட்டை அப்போது கணக்குப் பிரிவில் இருந்த புருல்சா அம்மாளுக்கு. கடவுச்சொல்லையும் அப்படியே பங்கு போடுவது என்று இயக்குநர் அங்கேயே அறிவித்தார். ஆளுக்கு ஒரு சொல், எலும்பின் வரிசையிலேயே. ஒருவர் சொல் மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஒருவர் தட்டும்போது மற்ற மூவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். பெட்டி திறந்தது. அப்படித் திறந்த கணினியை அன்றிலிருந்து யாரும் மூடவே இல்லை. மிர்லானின் அறையில் அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் கழகம் பிழைத்தது. கடவுச்சொற்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும், வேலை செய்யும்; ஆனால் வெளியே எடுக்க வேண்டுமென்றால் பெட்டி மறுபடி அந்த நான்கு சொற்களைக் கேட்கும்.

நால்வரும் மிர்லானின் அறைக்கு வந்தார்கள். பதவி வரிசையில் நின்றார்கள். அங்கேயே சிக்கல் தொடங்கிவிட்டது.

"இப்போ தொடை நான்தானே" என்றார் புருல்சா அம்மாள்.

"எஜே, அன்னிக்கு நீங்க தோள்பட்டை. அந்தப் பழைய சொல்லையே தட்டுங்க, போதும்" என்றான் மிர்லான்.

"அது கணக்குப் பிரிவுக்காரி சொல்லு. நான் இப்போ துணை இயக்குநர். நாலு பேரு முன்னால நின்னு நான் இன்னும் தோள்பட்டைதான்னு ஒத்துக்கணுமா?"

தொலோகோன் மீசையைத் தடவினார். "அந்தம்மா தொடைச் சொல்லத் தட்டட்டுமே. எனக்கென்ன."

"அப்போ உங்க சொல்ல எனக்குச் சொல்லுங்க."

"எதுக்குச் சொல்லணும்? நான் தின்ன எலும்பு அது. பதவியப் புடுங்கலாம், தின்னத வாயில கைய விட்டா எடுப்பீங்க?"

இயக்குநர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்பு வழங்கினார். ஒவ்வொருவரும் அவரவர் இன்றைய பதவிக்குப் பொருத்தமான ஒரு புதுச் சொல்லைத் தட்ட வேண்டும். இதில் யாருக்கும் இழுக்கு இல்லை. அப்படியே தட்டினார்கள். தவறு என்றது திரை.

"பதவி மாறினது கணினிக்குத் தெரியாதுங்க" என்றான் மிர்லான்.

"ஏன் தெரியாது? ஆணையோட நகல் அதுக்கு அனுப்பலையா?" என்றார் இயக்குநர்.

மிர்லான் கெஞ்சினான். கீழே தன் அக்கா இருக்கிறாள் என்றான், மூன்று குழந்தைகள் என்றான். கல்லும் கரையும் என்பார்களே, புருல்சா அம்மாள் கரைந்தார். சுவரைப் பார்த்து நிற்பவர்களுக்குத் தெரியாமல் பழைய சொல்லையே தட்ட ஒப்புக்கொண்டார். தொலோகோனும், தன் மீது பதிந்த தண்டனைக் குறிப்பை நீக்குவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்தபின், தன் சொல்லைத் தட்டினார். மீண்டும் தவறு என்றது திரை.

இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது தூரோன் அத்தா.

"அத்தா, நீங்க தட்டின சொல்லு..." என்று மிர்லான் தொடங்கியதும் இயக்குநர் அவன் காலை மிதித்தார்.

"நான் தட்டினது சரி. எனக்கு நெனவு நல்லா இருக்கு. என் குதிரையோட பேரு" என்றார் தூரோன் அத்தா.

"எந்தக் குதிரை அத்தா?"

"எல்லாக் குதிரையும்தான்."

மறுமுறை அவர் வேறொரு குதிரையின் பெயரைத் தட்டினார். அதற்கு அடுத்த முறை தட்டியது தன் மாமனாரின் பெயர் என்று தோன்றுகிறது, ஏனென்றால் தட்டும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கழகத்தின் மூத்தவரை முகத்துக்கு நேரே பொய்யர் என்றது திரை. தவறியவர் அத்தாதான் என்று சொல்ல அந்த அறையில் ஒருவருக்கும் நா எழவில்லை. மிர்லானுக்குமே எழவில்லை என்பதுதான் வேதனை. நாக்கு நுனிவரை வந்தது, பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. கடைசியில் கணினியே மரியாதை கெட்டது என்று எல்லோருமாகச் சொல்லி அத்தாவைச் சமாதானப்படுத்தினார்கள். அவர் மனம் புண்படாதிருக்க இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். அதோடு சந்தூக் பூட்டிக்கொண்டது. தவறான முயற்சிகள் அளவு மீறியதால் பெட்டியில் இருந்தவை பாதுகாப்புக் கருதி அழிக்கப்பட்டன என்ற வரி திரையில் வந்தது. பக்கத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஏரி எண்கள் ஒவ்வொன்றாக நின்றன. கோக்-மூய்ஸ் எண்தான் கடைசியாக நின்றது. நிற்கும்போது அது ஏறிக்கொண்டிருந்தது.

சங்கு செய்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு மிர்லான் தொலைபேசியில் பேசினான். புதிய கடவுச்சொல்லைக் கழகத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல் சந்தூக்கில் இருந்தது. மீட்புத் துறையிடம் பேசினான். சங்குச் சத்தம் கேட்டால் உடனே வண்டியை எடுப்போம், எங்கள் வண்டி தயாராக நிற்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

இயக்குநர் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"இதக் குறையாப் பாக்காதீங்க. கோக்-மூய்ஸ்ல ஆபத்துன்னு யாருகிட்ட தகவல் இருக்கு? நம்மகிட்ட இல்ல. நம்மகிட்டயே இல்லைன்னா வேற எவன்கிட்டயும் இருக்க முடியாது. ஏன்னா அந்தத் தகவலுக்குப் பொறுப்பு நாமதான். கழகம் தொடங்கின நாள்லேர்ந்து ஒரு எச்சரிக்கைகூட வராத மொத வாரம் இதுதான். மேலிடத்துக்கு எழுதிட்டேன். பாராட்டு வரும்."

மிர்லான் மினி பேருந்தைப் பிடித்துத் தாஷ்-கெச்சு போனான். உம்சுனாய் முகத்தில் வலை போட்டுக்கொண்டு தேனீப் பெட்டிகளுக்கு நடுவே நின்றாள்.

"எஜே, பிள்ளைங்கள கூட்டிட்டு என்கூட நகரத்துக்கு வா. ஏரி ஏறுது."

"சங்கு ஊதலையே."

"சங்கு ஊதாது. ஊத முடியாது. கடவுச்சொல்லு போயிருச்சு."

உம்சுனாய் வலையைத் தூக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "குடிச்சிருக்கியா?"

"இல்ல எஜே."

"போன வருஷம் நீதானே வந்து எங்க எல்லாரையும் பள்ளிக்கூடத்துல உக்கார வச்சுப் பாடம் நடத்தின? சங்கு ஊதினா மேட்டுக்கு ஓடணும், ஊதலைன்னா வீட்ட விட்டு நகரக் கூடாது, எவன் என்ன சொன்னாலும் நம்பக் கூடாதுன்னு. ஊரே கத்துக்கிச்சு. இப்போ நீயே வந்து ஓடுங்கற. போன மாசம் எவனோ பொரளியக் கெளப்பினான்னு கால் ஊரு மேட்டுல போயி நின்னுச்சு. திரும்பி வந்தா ரெண்டு பசுவக் காணோம். இனிமே சங்கு ஊதாம ஒருத்தரும் அசைய மாட்டாங்க. நானும் மாட்டேன்."

ஊர்த்தலைவர் ஜெக்ஷென் கொஞ்சம் காது கொடுத்தார். கம்பத்தின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, அதைத் திறந்தால் கையாலேயே சங்கை ஊதலாம், சாவி தன்னிடம் இருக்கிறது என்றார். மிர்லானுக்கு உயிர் வந்தது.

"ஆனா கழகத்து ஆணை இல்லாம தொட்டா என்னை உள்ள வச்சிருவாங்க. சட்டத்துலயே அப்படி இருக்கு. உன் இயக்குநர ஒரு வார்த்தை போன்ல சொல்லச் சொல்லு. ஊதுன்னு. அது போதும். பெட்டிக்குப் பக்கத்துலயே நிக்கறேன்."

மிர்லான் அன்றே திரும்பினான். இயக்குநர் அவனைக் கட்டி அணைத்துக்கொண்டார். மறுநாள் மதியம் கல்கான் திறப்பு விழா, அதன் பரபரப்பில் இருந்தார் அவர்.

"ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டாப் போச்சு. நாளைக்கு விருந்து முடியட்டும், ஆசி வாங்கின கையோட நானே பேசறேன். வெறும் வயித்துல ஆணை போட்டா நல்லாவா இருக்கும்?"

கழகத்து முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். எர்காலி வந்திருந்தான். இயக்குநரின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு நட்சத்திரங்கள் மின்னின. கல்கானுக்குள் முதலில் எதை வைப்பது என்று கேள்வி எழுந்தது. வைக்க எதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்கானின் கடவுச்சொல்லையே கல்கானுக்குள் வைத்துப் பூட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆடு வந்தது. மாற்றத்துக்காக அயராது பாடுபட்டவன் என்று சொல்லி, இயக்குநர் தன் கையாலேயே மிர்லானுக்கு ஒரு தொடை எலும்பை எடுத்து வைத்தார். இதுவரை அவனுக்கு விலா எலும்புகூட வந்ததில்லை. வாங்கிக்கொண்டான். தின்னவும் செய்தான். தின்றால்தான் விருந்து முடியும்.

பிறகு தூரோன் அத்தா கைகளை விரித்தார். எல்லோரும் விரித்தார்கள். ஆசி சொல்லும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. கழகம் தழைக்கட்டும், குதிரைகள் பெருகட்டும், பிள்ளைகள் நீண்ட நாள் வாழட்டும் என்று அத்தா சொல்லிக்கொண்டே போனார். பாதியில் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டு, கழகம் தழைக்கட்டும் என்று முதலிலிருந்து தொடங்கினார். எடுத்துக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை.

மிர்லானின் தொலைபேசி அதிர்ந்தது. மேசைக்குக் கீழே குனிந்து காதில் வைத்தான்.

"தம்பி, நாந்தான். ஆத்துத் தண்ணி கறுப்பா வருது. மேல எங்கயோ கல்லு உருள்ற மாதிரி சத்தம். ஜெக்ஷென் பெட்டிகிட்டதான் நிக்கறாரு, சாவிய கையிலயே வச்சிருக்காரு. சங்கு ஊதலை. அப்போ ஒண்ணும் இல்லதானே?"

மிர்லான் இயக்குநரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "ஒரே ஒரு வார்த்தை. இப்பவே. போன்ல ஊதுன்னு சொல்லுங்க."

இயக்குநர் விரித்த கைகளை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்தார். "பெரியவர் ஆசி சொல்றாரு."

"எஜே, ஓடு. பிள்ளைங்கள தூக்கிட்டு ஓடு" என்று மிர்லான் கத்தினான். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. கூடாரமே அவனைப் பார்த்தது. இப்படி ஒரு காரியத்தை அந்தக் கழகத்தில் யாரும் கண்டதில்லை.

"சங்கு ஊதட்டும் தம்பி" என்றாள் உம்சுனாய். "ஊதின உடனே கிளம்பிடறோம். செருப்பெல்லாம் வாசல்ல எடுத்து வச்சிட்டேன்."

தூரோன் அத்தா பாதியில் நின்றுவிட்டார். முகம் வாடியிருந்தது. இயக்குநர் மிர்லானை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க அத்தா. வளர்ப்பு சரியில்ல. நீங்க முதல்ல இருந்து சொல்லுங்க."

அத்தா மறுபடி கைகளை விரித்தார். எல்லோரும் விரித்தார்கள். மிர்லானின் கையிலிருந்த தொலைபேசியில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை.